பதினேழாவது கோடு

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் வீட்டுக்கு ஒவ்வோர் ஒக்டோபர் முடிவிலும் கோயிலிலிருந்து ஒரு கடிதவுறை வரும். நவம்பர் மரித்தோரின் மாதம். பூசையில் வாசிப்பதற்கு, வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது கோடுகள் அச்சடித்திருக்கும். ஒரு வீட்டுக்கு ஓர் உறைதான். அயலவர்கள் நாலைந்து பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஹியூபேட் இருபதையும் நிரப்புவார். இருபதாவது அவருடைய மனைவி கொன்ஸ்ரன்ஸ். மற்றப் பத்தொன்பது பேரும் இரண்டாம் உலகப் போரில் யப்பானியரிடம் சிறைப்பட்டவர்கள். அவர்களுடைய பதக்கங்கள் அவரது அலுமாரியில், பிஸ்கட் ரின்களுக்குள் இருந்தன. பத்தொன்பதில் பதினெட்டுப் பேரை அவர் கண்டதில்லை.

இந்த வருடம் உறை வந்தபோது ஹியூபேட் இல்லை. ஓகஸ்டில் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவப் போன இடத்தில் விழுந்தார். அவ்வளவுதான். மகள் ரொஷேல் உறையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். அப்பாவையும் எழுதினால் இருபத்தொன்று. யாரோ ஒருவர் போக வேண்டும்.

அவள் தராசுகளைச் சரிபார்க்கும் பொறியியலாளர். எண்ணிக்கை பிழைத்தால் அவளுக்கு நித்திரை வராது. அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூடைகளை எண்ணி எழுதும் கிளாக்காக முப்பத்தைந்து வருடம் இருந்தவர். ஏற்றியது ஒரு தொகை, இறக்கியது வேறொரு தொகை என்றால் வீட்டுக்கு வரமாட்டார். எழுபத்துநாலில் களஞ்சியம் கூட்டுகிறவன் குப்பைக்குள் கிடந்த ஒரு வெண்கல நட்சத்திரத்தை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தான். பின்பக்கத்தில் ஓர் இலக்கமும் ஒரு பெயரும் பொறித்திருந்தன. இரண்டு வருடம் கடிதம் எழுதிய பிறகுதான், அது சிங்கப்பூரில் பிடிபட்டு நியூகினியில் செத்த இந்தியச் சிப்பாய் ஒருவனுடையது என்று தெரிந்தது.

"ஏத்தியிருக்கிறாங்கள். இறக்கேல்லை" என்றார் கொன்ஸ்ரன்ஸிடம்.

பிறகு அது அவரை விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய சாமான் கடைகளுக்குப் போவார். சிறைப்பட்டவர்களின் பதக்கங்களை மட்டும் எடுப்பார். மினுக்கமாட்டார்; மினுக்கினால் பெயர் தேய்ந்துவிடும். குடும்பம் கிடைத்தால் அனுப்பிவிடுவார். குடும்பம் கிடைக்காதவர்களை உறையில் எழுதுவார்.

"இவர் சைவமெல்லோ, இவன் முஸ்லிமெல்லோ" என்பாள் கொன்ஸ்ரன்ஸ்.

"பேர் வாசிக்கிறதுக்கு ஞானஸ்நான சேர்ட்டிபிக்கேட் கேக்கமாட்டினம், நீ பேசாமல் இரு."

அவர் பிழை விட்டது ஒருமுறைதான். பதினேழாவது பெயரில்.

எண்பத்துமூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீடொன்றிலிருந்து அள்ளிப் போன சாமான்களோடு அந்தப் பெட்டியும் போயிருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் அது அவர் கைக்கு வந்தது. சின்ன அட்டைப்பெட்டி, மூன்று பதக்கங்கள், மேலே தட்டச்சில் நாகேந்திரம் என்ற பெயரும் ஈப்போவில் ஒரு விலாசமும். லண்டனிலிருந்து வரவழைத்த பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே "இறப்பு, சயாம், ஜூன் 1943" என்று இருந்தது. ஹியூபேட் பட்டியலை நம்பினார். பெட்டியை யோசிக்கவில்லை. செத்தவனுடைய பதக்கம் என்றால் மனைவியின் பெயருக்கோ தகப்பனின் பெயருக்கோ தபாலில் போகும். இது நாகேந்திரத்தின் பெயருக்கே போயிருந்தது.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் பெயர் வாசிக்கப்பட்டது. கோயில் பலகையிலும் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமை நேர்த்திக்கு வந்த வெள்ளவத்தைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த கிழமை கதவு தட்டப்பட்டபோது திறந்தது ரொஷேல்தான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வெளியே வெள்ளை வேட்டியும் கறுத்தக் குடையுமாக ஒரு கிழவர்.

"அப்பா நிக்கிறாரோ, பிள்ளை?"

"ஆர் வந்திருக்கிறது எண்டு சொல்ல?"

"செத்த நாகேந்திரம் வந்திருக்கிறார் எண்டு சொல்லு."

ஹியூபேட் அலுமாரியைத் திறந்தார். பெட்டியை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். கிழவர் வாங்கவில்லை.

"எனக்குத் திவசம் செய்ய ஒரு வேதக்காரன் வேண்டிக் கிடந்திருக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இது உங்களிட்டையே இருக்கட்டும், தம்பி. பேரையும் எடுக்க வேண்டாம்."

"ஐயா, நீங்க உயிரோட எல்லோ இருக்கிறீங்க."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்து, தொண்டர் படையில் சேர்ந்து, சிறைப்பட்டு, சயாமில் தண்டவாளம் போட்டவர். கொலரா வந்தவர்களுக்கென்று ஒரு கூடாரம். அங்கும் காலையில் யப்பான் பாஷையில் எண்ண வேண்டும். இச்சி, நி, சான். அவருடைய எண் பதினேழு. ஒருநாள் பக்கத்தில் கிடந்தவன் செத்தான். பெயர் எழுதுகிறவன் பிழையாக நாகேந்திரத்தை வெட்டிவிட்டான். போர் முடிந்த பிறகு அதை வேறொரு பட்டியலில் திருத்தினார்கள். பழைய பட்டியல் அப்படியே கிடந்தது.

"ஒரு கிழமைக்குள்ள கூடாரத்தில எல்லாரும் செத்துப் போயிட்டினம். நான் மட்டும் மிச்சம். என்னைத்தான் முதலே வெட்டியாச்சே. தேடி வந்த சாவுக்கு என்ர பேர் அகப்படேல்லை."

கதவுக்குப் பின்னால் நின்று ரொஷேல் இதைக் கேட்டாள். அதன் பிறகு கிழவர் ஒவ்வோர் ஒக்டோபரிலும் ஒரு கேக் பெட்டியோடு வந்து போனார். நடக்க முடியாமல் போனபோது தொலைபேசியில் கதைத்தார். பெயரை அப்பா எப்போதோ எடுத்திருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அப்பா பெயர்களை எழுதிவைத்த கொப்பியைத் திறந்து பார்த்தால் வருடா வருடம் பதினேழாவது கோட்டில் நாகேந்திரம். ஒரே ஒரு வருடம் தவிர. அங்கே அப்பாவின் சின்ன எழுத்து:

"2009. மனம் கேட்கவில்லை, 17ஐ எடுத்தேன். நவம்பர் 11ஆம் திகதி விழுந்தார், களுபோவில ஆஸ்பத்திரி. 20ஆம் திகதி தனிப் பூசையில் பேர் வாசிப்பித்தேன். 23ஆம் திகதி வீட்டுக்கு வந்தார்."

ஒரே ஓர் அளவை வைத்து எதையும் நிறுவ முடியாது. வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவள் முதலில் சொல்வது அதுதான். கொப்பியை மூடினாள். திரும்பவும் திறந்தாள்.

வியாழன் காலை கிழவரின் பேத்தி தாரிகா அழைத்தாள். "அக்கா, அப்பப்பா உங்களைப் பாக்க வேணுமாம். லிஸ்ட் குடுக்க முதல் வரட்டாம்."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் மூன்றாம் மாடி. கிழவருக்கு நூற்றுமூன்று வயது. கதிரையில் வேட்டிதான் இருப்பதுபோல் இருந்தது. கண் மட்டும் பழைய கண். கீழே ரயில் போனது. அது போய் முடியும்வரை அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. பெட்டிகளை எண்ணுகிறார் என்று பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"கொப்பரின்ர பேரை எழுதினனியோ?"

"இன்னும் இல்லை, ஐயா."

"எழுதாட்டி திரும்பி வந்திடுவாரோ?"

மூன்று மாதமாக அந்தப் பெயரை அவள் எந்த இறந்தவர் பட்டியலிலும் எழுதவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரத்துக்குக்கூட மச்சானைத்தான் அனுப்பினாள்.

"என்ர இடத்தில அவரை எழுது" என்றார். "தம்பி நல்ல மனுசன். கேட்டனான், இத்தனை வருஷம் பிடிச்சு வைச்சிருந்தார். மனிசி போனா. மகன் போனான். சிநேகிதர் ஒருத்தரும் இல்லை. இனி நீ விடவேணும்."

"எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை, ஐயா."

"நம்பிக்கை இல்லாட்டி வெட்டுறதுக்கு என்ன பயம்?"

தாரிகா தேத்தண்ணியோடு வந்தாள். "என்ன அப்பப்பா, அக்காவைப் பயப்படுத்துறீங்களோ?"

"நானோ? நான் செத்து எண்பது வருஷம்" என்றார்.

வெள்ளி நாலரை மணிக்கு ரொஷேல் உறையை எடுத்தாள். பதினாறு பெயர்களைக் கொப்பியைப் பார்த்து எழுதினாள். பதினேழாவது கோட்டில் பேனை நின்றது. வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. எழுதாமல் விட்டால் போதும். அப்பாவின் பெயரை எழுதினாள். ஹி என்ற எழுத்து கோணிப்போயிற்று. மிச்ச மூன்றையும் எழுதி, கோயில் அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கொடுத்தாள்.

ஞாயிறு பூசையில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது விரலை மடித்து எண்ணினாள். பதினேழில் அப்பா வந்தார். அவ்வளவு பேருக்கு நடுவில் அவர் ஒரு பெயர்தான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கோயில் முற்றத்தில் நின்று வெள்ளவத்தைக்கு அழைத்தாள். தாரிகா எடுத்தாள். "உங்கட கோல் வரும் எண்டு விடிய எழும்பி இருக்கிறார், அக்கா. குடுக்கிறன்."

"வாசிச்சாச்சோ?" என்றார் கிழவர்.

"ஓம், ஐயா."

"பதினேழு?"

"அப்பா."

"சந்தோஷம் பிள்ளை."

தொலைபேசியை அவர் வைக்கவில்லை. மின் காற்றாடியின் சத்தம் கேட்டது. பிறகு மிக மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, இச்சி, நி, சான் என்று தொடங்கினார். ரொஷேல் கூடவே விரல் மடித்தாள். பத்து. பன்னிரண்டு. பதினைந்து.

பதினாறோடு குரல் நின்றது.

அவள் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கோப்பை வைக்கும் சத்தம், செருப்புச் சத்தம், பிறகு தாரிகாவின் குரல்.

"அப்பப்பா?"