எந்தப் பணத்தை முதலில் தின்பது

ஆலை வாசலில் முகத்தைக் காட்டினால் வருகையைப் பதிந்துகொள்ளும் இயந்திரத்தை மாட்டிய அன்றே என் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்துவிட்டது. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் டைம் ஆபீசில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று எண்ணுவதுதான் என் பிழைப்பு. நாங்கள் நான்கு பேர் இருந்தோம். இயந்திரம் வந்த மூன்றாம் மாதம் நால்வருக்கும் கடிதம் வந்தது. முப்பது நாளுக்குள் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் ஒரு தொகை தருவார்கள். இல்லையென்றால் வேறு மாநிலத்தில் உள்ள சுரங்கத்துக்கு மாற்றல். எனக்கு இந்தி தெரியாது. பதினெட்டுப் படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்போது எனக்கு வயது ஐம்பத்து நான்கு.

அவர்கள் தரும் தொகையும் பி.எஃப்.பில் மிச்சமிருந்ததும் வீட்டுக் கடனை அடைக்கவே சரியாகிவிடும். மகள் கல்யாணத்துக்கு ஏற்கெனவே எடுத்தது போனது போனதுதான். மீதி இருந்தவை இரண்டு. ஒன்று, பி.எஃப். பென்ஷன். ஐம்பத்தெட்டு வரை பொறுத்தால் மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு. இப்போதே கேட்டால் ஒவ்வொரு வருடத்துக்கும் நூற்றுக்கு நாலு வெட்டி, நாலாயிரத்து அறுநூற்று எழுபது தருவார்கள். வெட்டியது வெட்டியதுதான், பிறகு ஏறாது. மற்றொன்று, தபால் ஆபீசில் பதினைந்து வருடம் போட்டு முடித்த பி.பி.எஃப். சேமிப்பு. பதினான்கு லட்சம். அசலுக்கும் வரி இல்லை, வட்டிக்கும் வரி இல்லை.

எங்கள் வீட்டுச் செலவு மாதம் பன்னிரண்டாயிரம். பென்ஷனை இப்போதே வாங்கிக்கொண்டு சேமிப்பைக் கூடியவரை தொடாமல் வைப்பதா, அல்லது நாலு வருடம் சேமிப்பைத் தின்றுவிட்டு முழுப் பென்ஷனுக்குக் காத்திருப்பதா? காத்திருந்தால் சேமிப்பிலிருந்து கூடுதலாக இரண்டேகால் லட்சம் போகும். அதற்குப் பதிலாகப் பிற்பாடு மாதம் எண்ணூற்று முப்பது ரூபாய் அதிகம் வரும். இரண்டேகால் லட்சத்தை எண்ணூற்று முப்பதால் வகுத்துப் பார்த்தேன். விட்டதைப் பிடிக்க நான் எண்பது வயதைத் தாண்ட வேண்டும். என் அப்பா அறுபத்தொன்றில் போனார். பெரிய அண்ணன் ஐம்பத்தொன்பதில். பெரியப்பா அறுபத்து மூன்று, அதுதான் எங்கள் வீட்டின் உச்சம். அதற்கு மேல் கணக்குப் போட அவசியம் இல்லை என்று தோன்றியது. பென்ஷனை இப்போதே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கையெழுத்துப் போடும் முன் எல்லாருடைய விவரமும் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இ-சேவை கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அய்யா, உங்களுக்கு ரெண்டு பொறந்த நாள் இருக்குங்க."

"என்னம்மா சொல்ற?"

"பி.எஃப்.ல ஐம்பத்தி நாலு. ஆதார்ல ஐம்பத்தி ரெண்டுதான் ஆவுது. பேர் ஒத்துப்போவுது, தேதி ஒத்துப்போகல. இப்ப பென்ஷனுக்குப் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. இல்ல, ஆதார்ல இருக்கற வயசுதான் நெசம்னு எடுத்துக்கிட்டா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வெட்டுவாங்க."

கடையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலாயிரத்து அறுநூற்று எழுபது அப்படியே நாலாயிரத்து முந்நூறாக இறங்கியது. முழுப் பென்ஷனுக்குக் காத்திருப்பதென்றால் நாலு வருடம் அல்ல, ஆறு வருடம். எழுபத்திரண்டு மாதம்.

தப்பு என்னுடையது. என் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் பக்கம். எனக்கு நேர் மூத்த, இரண்டு வயது பெரிய அண்ணனைப் பள்ளியில் சேர்த்த அன்றே, கூடவே நடந்து போகட்டும் என்று அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தலைமை ஆசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. "எட்டலையேப்பா" என்றார். "எட்டும் சார், இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றார் அப்பா. இழுத்தார்கள். நான் தலையைச் சாய்த்துக்கொடுத்தேன், விரல் நுனி பட்டது. அண்ணனுக்கு எழுதிய வருடத்தையே எனக்கும் எழுதினார்கள், மாதத்தை மட்டும் தள்ளிப் போட்டார்கள். அந்தத் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பிறகு பி.எஃப்.பிலும் ஏறியது.

ஆனால் எங்கள் பங்குக் கோயிலில் ஞானஸ்நான ரிஜிஸ்டர் இருக்கிறது. பிறந்து எட்டாம் நாள் பங்குச் சாமியார் தன் கையால் எழுதிய தேதி. என் உண்மையான வயது அதில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை. ஆதாருக்குப் படம் எடுக்க முகாம் போட்டபோது பிறந்த தேதி கேட்டார்கள். நான் கோயில் தேதியைச் சொன்னேன். ஒரு முறையாவது சரியான கணக்கு சர்க்காரில் ஏறட்டுமே என்று நினைத்தேன். அவர்களும் சொன்னதை அப்படியே அடித்துக்கொண்டார்கள். இத்தனை பேருடைய நாள்களை எண்ணியவனுக்கு, என் இரண்டு தேதிகளும் ஒரு நாள் நேருக்கு நேர் வந்து நிற்கும் என்று தோன்றவே இல்லை.

எடைமேடையில் லாரி நிறுக்கும் தம்பி ஒருவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், நான் ஆதாரைப் பள்ளித் தேதிக்கு மாற்றப் போவதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அண்ணே, ஊர்ல அவனவன் வயசக் கொறைக்க அலையுறான். நீங்க ஏத்திக்க அலையுறீங்க. தலைக்கு மை வேற பூசிக்கிட்டு இருக்கீங்க, எவன் நம்புவான்?"

"சிரிக்காதப்பா. கம்பெனிய விட்டுப் போயிட்டா பென்ஷன் பேப்பருக்கு எவன் கையெழுத்துப் போடுவான்? இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு."

"அதுக்கேன் நிக்கறீங்க? பெரம்பலூர் போங்க. இங்க டோக்கன் கெடைக்கவே ஒரு வாரம் ஆவும்."

பெரம்பலூரில் ஆதார் திருத்தும் இடத்தில் எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை நெகிழித் தாளோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்றலாம் என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஒரு எண் தவறாக அடித்தாலும் அவ்வளவுதான். என் முறை வந்ததும் திரையில் வந்த எண்களை வாய்விட்டு மூன்று முறை படித்தேன். "சார், நவுருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றார்கள். பள்ளித் தேதிதான் சரி என்று நான் கையெழுத்திட்டபோது, சாமியார் எழுதிய தேதியைப் பொய் என்று சொல்லிவிட்டு வருவது போல இருந்தது.

கெடு முடிய நாலு நாள் இருந்தபோது திருத்தம் ஏறியது. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து என் மனைவி கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். நான் என் கணக்குத் தாளை அவளிடம் படித்துக் காட்டினேன். பென்ஷன் இப்போதே, சேமிப்பு அப்படியே, எண்பது வயது, எல்லாவற்றையும்.

அவள் செதிலைச் சுரண்டியபடியே கேட்டாள்.

"நீங்க எத்தன வயசுல போவீங்கன்னு போட்டுட்டீங்க. நான் எத்தன வயசு வரைக்கும் இருப்பேன்னு எங்க போட்டிருக்கீங்க?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். போடவில்லை.

"எங்க அம்மாவுக்கு எண்பத்தெட்டு. வரதராஜன்பேட்டையில இன்னும் கோழிக்குத் தீனி வச்சிக்கிட்டு இருக்காங்க. நானும் அப்படித்தான் கெடப்பேன்."

"அப்படிப் பார்த்தாலும் உனக்குப் பாதி பென்ஷன்தான் வரும். சேமிப்பு பெரிசா இருந்தாத்தான உனக்கு நல்லது?"

"பெரிசா இருந்தா யாருக்கு நல்லது? பத்து லட்சம் கெடக்குன்னு தெரிஞ்சா மருமகப்புள்ள சும்மா இருப்பாரா? லாரி வாங்கணும்பாரு. மக அழுவா. நீங்க இருந்தா இல்லன்னு சொல்லுவீங்க, நான் சொல்லுவனா? பென்ஷனை யாராவது கடன் கேக்க முடியுமா? மாசா மாசம் வர்றத எவன் புடுங்குவான்? அத வெட்டாம வாங்குங்க. இந்தச் சேமிப்ப நாம தின்னுடுவோம்."

சேமிப்புக்கு வரி இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டு வருகிறவர்களையும் வரியோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. என் வகுத்தல் தப்பு இல்லை, இன்றும் தப்பு இல்லை. ஆனாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பென்ஷன் கேட்காமல் வேலையை விட்டேன்.

அந்த நாலு வருடம் பயந்த மாதிரி நான் எப்போதும் பயந்ததில்லை. அந்த பி.பி.எஃப். கணக்கில் வருடத்துக்கு ஒரு தடவைதான் பணம் எடுக்கலாம். பன்னிரண்டு மாதச் செலவை முன்கூட்டியே ஊகித்து ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் எடுப்பேன். எடுத்த மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் காய்ச்சல் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அவள் இருமினால் எண்ணுவேன். ஐந்து முறைக்கு மேல் இருமினால் எழுந்து போய் அருகே நிற்பேன். பாஸ்புக்கில் வட்டி ஏறும் வரியைவிட எடுத்த வரிதான் கண்ணில் பட்டது.

மருமகன் கேட்கத்தான் செய்தார். லாரிக்கு முன்பணம், மூன்று லட்சம். மகள் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வருஷத்துக்கு எடுத்தாச்சு மாப்ள, இனிமே அடுத்த வருஷம்தான் எடுக்க வுடுவான்" என்றேன். அது உண்மைதான். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். மூன்றாம் வருடம் அவர் கேட்கவில்லை, வீட்டுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். அந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பென்ஷன் வெட்டில்லாமல் வரத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. வருடத்துக்கு ஒரு முறை நான் உயிரோடு இருப்பதை செல்போனுக்குக் காட்ட வேண்டும். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். இந்த வருடம் இரண்டு தடவை ஏற்கவில்லை. போன் என்னை இல்லை என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

"கண்ண உருட்டாதீங்க. பேய் மாதிரி இருக்கு. மெதுவா மூடித் தொறங்க" என்றாள் மனைவி. மூன்றாம் தடவை பச்சை நிறம் வந்தது.

நான் போனை வாங்கிப் பையில் வைக்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"மொதல்ல எத அமுக்குனீங்க? திருப்பிச் சொல்லுங்க. நானே செஞ்சு பழகணும்."

என் காலத்துக்குப் பிறகு பாதிப் பென்ஷனுக்கு அவளும் வருடா வருடம் இப்படி முகம் காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் எதை அமுக்க வேண்டும், பிறகு எதை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். ஏழு இடத்தில் அமுக்க வேண்டியிருந்தது. அவள் தன் முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள்.