பின்சீட்டுக்குத் தைத்த உறை

எனக்குத் தையலில் தப்பு வராது. இதைத் தலைக்கனம் என்று நினைப்பவர்கள், மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கில் நான் தைத்த ரவிக்கையைப் போட்டிருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். கை இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால், "அளவு குடுத்தப்ப இருந்த கை வேற, இப்ப இருக்கிற கை வேற" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னது கிடையாது.

துணியெல்லாம் தங்காக் டவுனில்தான் எடுப்பேன். அங்கே இருக்கிற துணிக்கடைகளில் கிடைக்கும் ரகம் இங்கே கிடைக்காது. ஆனால் நாற்பத்தாறு வயது வரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் கணவர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாள்தான் எனக்குத் தங்காக் போகும் நாள். ஒருமுறை என்னை அங்கே இறக்கிவிட்டு, அவசரமாக ஒரு நடை பஸ் ஓட்டக் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். நான் நான்கு மூட்டைத் துணியோடு பூட்டிய கடையின் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். மழை வேறு. மறுவாரம் லைசென்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது தடவையில் பாஸ் செய்தேன்.

பிறகு கார் வாங்கினேன். எட்டு வருடம் யாரோ ஓட்டிய ஹைபிரிட் கார். பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், மின்சார மோட்டாரும் இருக்கும். பின்சீட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் அது தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் என்பதால் எனக்குப் பிடித்துப்போயிற்று. என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

"டீசலு தெரியும், பெட்ரோலு தெரியும். பேட்டரிய நம்பி ஆளுங்க ரோட்டுல எறங்குவாங்களா?" என்றார்.

"நான் எறங்குவேன்" என்றேன்.

"சரி. ஒண்ணு பேசிக்குவோம். அந்தப் பேட்டரி என்னைக்குக் கெட்டுப் போவுதோ அன்னைக்கே காரை வித்துடறோம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

நான் கை நீட்டினேன். அவரும் கை கொடுத்தார். கெட்டுப்போகிற சாமானை நான் வாங்குவேனா என்ற தைரியம்தான்.

காரில் ஒரே குறை, சீட். வெளுத்துப்போன சாம்பல் நிறம். நான்கே நாளில் அரக்கு நிறக் கெட்டித் துணியில் சீட் எல்லாவற்றுக்கும் உறை தைத்தேன். உள்ளே ஸ்பஞ்சு, ஓரத்தில் கறுப்பு நாடா, கொஞ்சம்கூடச் சுருக்கம் விழாத பொருத்தம். பின்சீட்டின் வலது ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு கம்பி வலை மாதிரி இருந்தது. பார்க்கவே அசிங்கம். அதையும் சேர்த்து மூடித் தைத்தேன். அப்போது கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத ஏன் மூடுற? காத்துக்கு எதுக்காச்சும் வச்சிருப்பான்."

"ஏர்கான் முன்னாடி இருக்கு. பின்னாடி என்ன காத்து?" என்றேன். உறையைப் பார்த்தவர்கள் எல்லாரும் எந்தக் கடையில் செய்தது என்று கேட்டார்கள். எனக்கு அது போதும்.

மூன்று வருடம் அந்தக் கார் என்னைச் சுமந்தது. தங்காக், ஜொகூர் பாரு, கல்யாண வீடுகள் என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன். மணி பார்த்து யாருக்காகவும் நின்றதில்லை. போன வருடத்திலிருந்து பின்னாலிருந்து ஒரு இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. பட்டு எடுக்க என்னோடு வந்த ஒரு டீச்சர், "பின்னால என்னமோ இரையுதேக்கா" என்றார். நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். இரைச்சல் போய்விட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. தங்காக்கிலிருந்து பின்சீட் நிறையத் துணிக்கட்டோடு வந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். யோங் பெங் தாண்டியதும் மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு முக்கோண விளக்கு எரிந்தது. மிதித்தால் கார் போகவில்லை, தயங்கித் தயங்கி ஊர்ந்தது. ஏர்கானை அணைத்து, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, லாரிகளுக்கு வழி விட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வேர்வையில் உடம்பெல்லாம் நனைந்துபோயிருந்தது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் பஸ்ஸை எடுப்பதற்காக என் காரைக் கொஞ்சம் நகர்த்தினார். அதோடு எல்லாம் தெரிந்துபோயிற்று.

உள்ளே வந்து தையல் மிஷினுக்கு எதிரே நின்றார். "அந்த லைட்டு எப்பலருந்து எரியுது?"

"நேத்திலருந்து."

"பேட்டரிதானே?"

"இருக்கும்."

"அப்ப வித்துடலாம். பேசினது பேசினதுதான்." கோபமாகச் சொல்லவில்லை. போகும்போது, "நான் கூட்டிட்டுப் போறேன்லா, முன்ன மாதிரி" என்றார், ஆறுதல் சொல்வது போல.

அந்த 'முன்ன மாதிரி' என்றதும் எனக்கு எல்லாம் கண் முன்னால் வந்தது. பூட்டிய கடை வாசல், மழை, மூட்டை. எனக்கு எளிதில் பயம் வராது. அன்றைக்குப் பயந்தேன். கையிலிருந்த ரவிக்கையில் ஒரு கொக்கியை மாற்றி வைத்துத் தைத்துவிட்டு, பிறகு பிரித்தேன்.

மாலையில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஏன் கெட்டுப் போச்சுன்னு தெரியாம விக்க மாட்டேன். காட்டிட்டு வருவோம். அப்புறம் நீங்க சொல்றபடி." அவர் சரியென்றார்.

லாயாங் லாயாங்கில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. அதை நடத்துகிற மெக்கானிக், எங்கள் பேச்சில் போர்மேன், பல வருடம் சிங்கப்பூரில் இந்த மாதிரிக் கார்களையே பார்த்துவிட்டு வந்தவர். நாற்பது வயது இருக்கும். அவர் கையோடு ஒரு சின்னக் கணினியைக் கொண்டுவந்து காரில் மாட்டி, எண்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பேட்டரின்னா ஒண்ணு இல்லக்கா. சின்னச் சின்னப் பேட்டரிய வரிசையா நிக்க வச்சு ஒண்ணாச் சேத்திருப்பாங்க. அதுல நடுவுல இருக்கிற மூணு செத்துப் போச்சு. நடுவுலதான் சூடு வெளிய போவ முடியாது. மூணு சோர்ந்துட்டா மத்ததெல்லாம் அதுங்க வேலையையும் சேத்துப் பாக்கணும். அப்ப அதுங்களும் போயிடும்."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. அக்குளில் ஒரு தையல் விட்டால் அடுத்த தையல் இழுபடும், பிறகு முழுக் கையும் பிரியும்.

"எத்தன வருஷம் வரும் பொதுவா?" என்று என் கணவர் கேட்டார்.

"நம்ம ஊரு சூட்டுக்கு எட்டு, பத்து வருஷம்ணே. நல்லாப் பாத்துக்கிட்டா அதுக்கு மேலயும் ஓடும். டெய்லி ஓடுற காருக்கு ரொம்ப நாள் வரும். சிங்கப்பூர்ல வேல செய்றவங்க காரை வீட்டுல போட்டுட்டு மோட்டார் சைக்கிள்ல போயிடுவாங்க பாருங்க, அந்தப் பேட்டரி சும்மா இருந்தே செத்துடும்."

"இது பதினோரு வருஷக் காரு" என்றார் என் கணவர், என்னைப் பார்த்து. வயதாகிச் செத்த பேட்டரி. பேச்சு முடிந்தது. விற்க வேண்டியதுதான்.

போர்மேன் கணினியை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தார். தலையை உள்ளே விட்டு வலப்பக்கம் தடவினார். இடப்பக்கம் தடவினார். மறுபடியும் வலப்பக்கம் வந்தார்.

"இங்க ஒரு ஜன்னல் இருக்கணுமே" என்றார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உறையின் ஓரத்தை நகத்தால் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார். "அலமாக்" என்றார் மெதுவாக, அடக் கடவுளே என்பது போல. "பேட்டரிக்குக் காத்து போற வழிக்கா இது. உள்ள ஒரு காத்தாடி இருக்கு. காருக்குள்ள இருக்கிற ஏர்கான் காத்த இது வழியா இழுத்துத்தான் பேட்டரியைக் குளிர வைக்கும். இத ஸ்பஞ்சு வச்சு மூடியிருக்கு. மூச்சு விட முடியாம அது எவ்வளவு நாள் இரைஞ்சிருக்கும்." பிறகு தலையை வெளியே எடுத்து, "எந்தக் கடைக்காரன் தச்சான் இத? அறிவு கெட்டவன். தையல் மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் தைத்தது, அப்போது அவர் என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன், எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் வெளி ஆளுக்கு முன்னால் அவர் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார். நான் பேசாமல் இருந்தால், இல்லாத ஒரு கடைக்காரன் திட்டு வாங்கிக்கொண்டு போவான். என் தையலுக்கு ஒரு குறையும் வராது. காரும் போய்விடும்.

நான் யோசித்தேன். அதிக நேரம் இல்லை, ஊசியில் நூல் கோக்கும் நேரம்தான். வயதாகிக் கெட்டிருந்தால் பேட்டரி தானே கெட்டது, பேசினபடி விற்க வேண்டும். ஆனால் இது தானே கெடவில்லை. ஒருத்தி கெடுத்திருக்கிறாள். கார் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒருத்தி யார் என்றும் சொல்லியாக வேண்டும்.

"நான்தான் தச்சேன்" என்றேன். "இவரு மூடாதன்னு சொன்னாரு. நான் கேக்கல. தப்பு என்னோடது."

போர்மேன் டார்ச்சை அணைத்து, எங்கேயோ இருந்த ஒரு ஸ்பேனரைத் தேடப் போனார்.

நான் கணவர் பக்கம் திரும்பினேன். "பேட்டரி கெட்டுப் போனா விக்கணும்னுதானே பேசினோம்? அது கெட்டுப் போகல. நான் கெடுத்தேன். அதுக்கு விக்கணும்னு பேசல."

அவர் தாடையைச் சொறிந்தார். "அதுக்குப் பேசலதான்" என்றார்.

போர்மேனிடம் இரண்டு வழி இருந்தது. செத்த மூன்றை மட்டும் மாற்றலாம், ஆனால் மற்றவையும் சூட்டில் வாடியவை, பழசோடு புதுசைச் சேர்த்தால் கொஞ்ச மாதத்தில் இன்னொன்று விழும். முழுசாகவும் மாற்றலாம். ஒட்டுப் போட்ட வேலை எனக்கு எப்போதும் ஆகாது. முழுசாக மாற்றச் சொன்னேன். அந்தத் தீபாவளிக்குத் தைத்த காசெல்லாம் அதற்கே போயிற்று. எனக்கு வருத்தமில்லை.

நான்கு நாள் கழித்துக் காரை எடுக்கப் போனபோது கைப்பையில் கத்தரியும் நாடாவும் கொண்டுபோயிருந்தேன். போர்மேன் வெட்ட வந்தார். நான் விடவில்லை. தைத்த கைதான் வெட்ட வேண்டும். ஜன்னலின் அளவுக்குச் சதுரமாக வெட்டி, ஸ்பஞ்சை எடுத்து, பிசிறு உள்ளே போகாமல் விளிம்பை மடித்து, அங்கேயே கையால் தைத்து முடித்தேன். போர்மேன் ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை அந்த வலைக்குப் பக்கத்தில் பிடித்தார். காகிதம் போய் ஒட்டிக்கொண்டது. வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள், துணிக்கட்டை அந்தப் பக்கம் சாய்க்காதீர்கள் என்றார்.

குளுவாங்குக்குத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். என் கணவர் முன்னால் உட்காராமல் பின்சீட்டில் வலது ஓரமாக உட்கார்ந்து, அந்தக் காற்று ஜன்னலுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே வந்தார். பஸ் ஓட்டுகிறவர், காற்று போகிறதா என்று கையால் பார்த்தால்தான் நம்புவார். ரேடியோ வழக்கம்போலச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

"காத்து போவுது" என்றார்.

"போவும்."

கொஞ்ச தூரம் போனோம். செம்பனைத் தோட்டங்கள் இரண்டு பக்கமும் ஓடின.

"அன்னைக்கு அந்த போர்மேன்கிட்ட என்னமோ சொன்னியே. எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகவே கேட்டிருக்கும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் 'தப்பு என்னோடது' என்பதை அவர் என் வாயால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்.

நான் ரேடியோவை அணைத்தேன். சொன்னேன்.