மாத்திரையில் நாலு பங்கு

என் வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர். அவருக்குக் காசநோய் வந்து, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். மாதங்கள் ஓடியும் இருமல் நிற்கவில்லை. ஆளும் துரும்பாக இளைத்தார். "ஒழுங்கா சாப்பிடறியா?" என்று டாக்டர் அதட்டினால், "ஒண்ணகூட வீணாக்கல சார்" என்று சத்தியம் செய்வார்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். படகில் உட்கார்ந்து, மீனைப் பங்கு பிரிப்பதுபோல மாத்திரைகளை நாலு கூறு வைத்துக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் மூவரும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?" என்று கத்தினேன்.

"ஒரே படகுல மூச்சு வுடறோம். இவங்களுக்கும் இருமல் வந்தா வலைய யாரு இழுக்கறது? அதான் பங்கு" என்றார்.

"அண்ணி, நேத்து எனக்கு ஒண்ணு கொறச்சல்" என்று ஒருவர் புகார் வேறு சொன்னார்.

நாலு பேரையும் டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "கொறச்சலா சாப்பிட்டா நோய்தான்யா பலமாகும்!" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சளியைச் சோதித்ததில், நல்லவேளையாக மற்ற மூவருக்கும் நோய் இல்லை.

அன்றிலிருந்து மாத்திரை என் பொறுப்பு. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினால்தான் கஞ்சி. இப்போது இருமல் நின்று, உடம்பும் தேறிவிட்டது.

நேற்று தலைவலிக்கு ஒரு மாத்திரை எடுத்தேன். பக்கத்தில் வந்து கையை நீட்டுகிறார்: "என் பங்கு?"