பதினாறு நேர் மடிப்புகள்

பதினாறு வயதான பெண்கள் வெள்ளைக் கவுனில், ஜோடிப் பையனோடு ஊர் மண்டபத்து நடன விழாவில் ஆட வேண்டும். நாரவில் ஊரில் அதற்கு விலக்கே கிடையாது. அந்தக் கவுன்களை இருபது வருஷமாகத் தைத்துக் கொடுப்பவள் ரேலீன் ஹாக்கிங். யார் எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவாள். கடைக்காரன் கொடுக்கும் லேஸைக்கூடத் தன் நாடாவால் இன்னொரு தரம் அளந்துவிட்டுத்தான் பையில் போடுவாள்.

இந்த வருஷம் அவள் மகள் பிரான்டியின் முறை. விழாவுக்கு முன்னதாகவே படம் எடுத்தாயிற்று. படம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஏதோ சரியில்லை. மகளின் தட்டு காலியாகிறது, நாய் கொழுக்கிறது. ஆடு மேய்க்கும் நாய் நாலடி ஓடி மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் ரேலீனுக்குப் பொறி தட்டியது. முதல் சந்தேகம் ஜோடிப் பையன் மேல் போனது.

"லக்லன் உன்னை ஏதாவது சொன்னானாடி?"

"அவன் பாவம்மா. என் காலை மிதிக்காம ஆடினாலே பெரிசு."

"பின்ன எதுக்குடி கறியை நாய்க்குப் போடுற?"

பிரான்டி மாட்டிக்கொண்டாள். "கவுனை இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா. படம் எடுத்த அன்னிக்கு எவ்வளவு நல்லா இருந்தேன்! இப்ப ஊதிட்டேன்."

ஏற்கெனவே இரண்டு தடவை பிடித்துத் தைத்த கவுன் அது. ஊதியவளுக்கு ஏன் அது தொளதொளக்கிறது?

ரேலீன் படத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மார்பிலிருந்து இடுப்புவரை பதினாறு மடிப்புகள். ஸ்கேல் வைத்துத் தைத்து இஸ்திரி போட்டவை. படத்தில் அவை இடுப்பருகே உள்வாங்கி வளைந்திருந்தன. அவள் கையால் இதுவரை ஒரு கோணல் மடிப்பு வந்ததில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படம் பிடித்த டெஸ் அவளோடு பள்ளியில் படித்தவன். நேரே அவன் ஸ்டுடியோவில் போய் நின்றாள்.

"என் பிள்ளை இடுப்பை எங்கடா கொண்டுபோய் வச்ச?"

"கத்தாத. சொன்னதைத்தான் செஞ்சேன்."

"எவ சொன்னா?"

டெஸ் ஆர்டர் தாளை எடுத்து நீட்டினான். 'படத்தை மெருகேற்றவும்' என்ற கட்டத்தில் டிக். கீழே ரேலீனின் கையெழுத்து.

"தாடையில கொசுக்கடி இருந்துச்சு. நீ அதை அழிப்பேன்னுதானே டிக் போட்டேன்!"

"தாடைக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இல்ல ரேலீன். டிக் போட்டா மொத்தமா செஞ்சிடுவேன். எல்லா அம்மாவும் போடுறாங்க. இதுவரைக்கும் ஒருத்தியும் சண்டைக்கு வரல."

லேஸை அளந்து வாங்குகிறவள் இந்தத் தாளை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரேலீனுக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டைத் திறந்து மகளிடம் காட்டினாள். படம் எடுத்த அன்று இடுப்பு எழுபத்திரண்டு சென்டிமீட்டர். இப்போது நாடா அறுபத்தேழு என்றது.

"நீ ஊதலடி, இளைச்சுட்டே போற. அந்தப் படத்துல இருக்கிறது உன் இடுப்பே இல்ல. டெஸ் கம்ப்யூட்டர்ல பண்ணது."

"அவராவே பண்ணாரா?"

பழியை அவன் தலையில் போட்டிருக்கலாம். ரேலீனுக்கு மனசு வரவில்லை.

"நான்தான் டிக் போட்டேன். கொசுக்கடிக்காக."

பிரான்டி படத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"கொசுக்கடிக்கு மட்டும்தானா?"

"சத்தியமாடி."

பிரான்டி அம்மா கையிலிருந்த நாடாவை வாங்கி, தன் இடுப்பைத் தானே இன்னொரு தரம் அளக்க ஆரம்பித்தாள்.