ஜோசியம் அல்ல

போன வாரம் பேரன் ஒரு காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான். நல்ல பெரிய காகிதம். கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் நாலு எழுத்து, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். அவன் ஈரத் தலையோடு வந்ததும், "இது யாரோட ஜாதகம்டா?" என்று கேட்டேன். அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவன் வேலை பார்ப்பது கம்பெனிகளுக்கு யோசனை சொல்கிற ஆபீசில். தங்கள் கம்பெனிக்குள் என்ன நடக்கிறது என்று கம்பெனிக்காரர்களே இவனிடம் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்களாம். அதற்குக் 'கன்சல்டன்ட்' என்று பெயர். அவன் கொடுத்த விசிட்டிங் கார்டில் அந்த ஒரே வார்த்தைதான் இருக்கிறது. "ஒங்க காலத்துல இதெல்லாம் ஏது தாத்தா" என்று வேறு சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு வார்த்தை அறுபது வருஷத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால், என் பெண்டாட்டி கைக்குழந்தையோடு எட்டு மாதம் எழுமலையில் அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறவனிடம் எதைச் சொல்வது? உங்களுக்கு நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டத்தைப் பார்த்ததுமே மூக்கில் மிளகாய் நெடி ஏறியது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் குடை.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்னால் மதுரையில் நான் ஒரு குடைக்கடை வைத்தேன். திறந்த அன்று சாயங்காலமே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்த்த வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு குடையை விரித்துக்கொண்டு, "நாளைக்குக் கொண்டாந்து தாரேன் மாப்ள" என்று கிளம்பிப் போனார்கள். அதோடு அந்த வருஷம் மழை பெய்யவே இல்லை. மழை வந்தால்தானே குடை ஞாபகம் வரும், குடை ஞாபகம் வந்தால்தானே என் ஞாபகம் வரும். வைகையில் மணல் பறந்தது. கடைக்கு வந்த ஒன்றிரண்டு பேரும் பழைய குடைக்குக் கம்பி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்கள்.

குடை போனதும் சோப்பு. வீட்டுப் பின்கட்டில் நானே கிண்டிக் காய்ச்சிக் கட்டி போட்டேன். சோடாக்காரம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. கொஞ்சம் என்றால், என் சோப்பு அழுக்கை விட்டுவிட்டு வேட்டியைக் கரைத்தது. ஊருக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு அனுபவம் என்று போயிருக்கும். நல்ல பேர் வாங்கலாம் என்று எழுமலையில் இருந்த என் மாமனாருக்கு அரை டஜன் கட்டி அனுப்பியிருந்தேன். அவர் கடலை வியாபாரி, வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். நாலாவது துவைப்புக்குப் பிறகு அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிச் சந்தைக்குப் போய், கடலை மூட்டையைப் பார்க்கக் குனிந்திருக்கிறார். வேட்டி மேலிருந்து கீழ் வரை இரண்டாகப் பிரிந்துவிட்டது. சாக்கைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். அந்தச் சாக்கில் போட்டிக் கடலை வியாபாரியின் பேர் அச்சடித்திருந்ததுதான் அவருக்கு வேட்டி கிழிந்ததைவிடப் பெரிய வருத்தம்.

மூன்றாவதாகக் காபி கிளப். காபி நன்றாகத்தான் இருந்தது, சத்தியமாக. கோளாறு என்னிடம் இருந்தது. வருகிறவர்களுக்கு எதிரே நானும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவேன். காலையில் வந்த நாலு பேர் உச்சி வேளையிலும் அதே பெஞ்சில் இருப்பார்கள். இருந்தது மூன்றே பெஞ்சு. புதிதாக வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, ஏதோ பஞ்சாயத்து நடக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள்.

காபி கிளப்பைச் சாத்தியபோது என் மனைவி காமாட்சி தலைப்பிரசவத்துக்கு எழுமலை போயிருந்தாள். பெண் குழந்தை. பார்க்கப் போனேன். மாமனார் என் பக்கம் திரும்பாமல், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு மகளிடம் பேசினார். "ஒம் மாப்ள என்ன பண்றாருன்னு ஊர்ல கேக்குறாய்ங்க. குடைங்கிறதா, சோப்புங்கிறதா, காப்பிங்கிறதா? ஒத்த வார்த்தையில சொல்ற மாதிரி ஒரு சோலியப் பாத்துக்கிட்டு வரச் சொல்லு. அதுக்கப்புறம் அனுப்புறேன்." நியாயமான பேச்சு என்றுதான் எனக்கே பட்டது. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதைப் பிரித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

போக இடம் இல்லாத மனிதனுக்கு யாராவது ஒருத்தர் உட்கார இடம் கொடுத்துவிடுவார். எனக்குக் கொடுத்தவர் சிம்மக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருந்த காதர் பாய். என் காபி கிளப்பில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருத்தர், அந்தக் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கலாம். அவர் கடையோரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா இருக்க முடியாமல், வருகிறவர் போகிறவரைச் சிலேட்டில் குறிக்க ஆரம்பித்தேன். காலை, முற்பகல், பிற்பகல், மாலை என்று நாலு வரிசை. படி ஏறியவர், பூட்டைத் தொட்டவர், விலை கேட்டவர், வாங்கியவர் என்று நாலு பத்தி. ஆக மொத்தம் பதினாறு கட்டம். வெயில் நேரத்தில் பூட்டு வாங்க யாரும் வருவதில்லை, அதனால் நடுவில் இருந்த கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

நாலு நாளில் ஒரு விஷயம் பிடிபட்டது. விலை கேட்கிறவர்கள் எல்லாம் வாங்காமல் போகிறார்கள். காரணம் பாயின் முன்ஜாக்கிரதை. பூட்டுகளைப் பூட்டியே கம்பியில் மாட்டியிருப்பார். சாவிகள் எல்லாம் மொத்தமாக ஒரு பிஸ்கட் டின்னில். ஒருத்தர் பூட்டு கேட்டால், டின்னைக் கவிழ்த்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பார். அதற்குள் வந்தவர் பொறுமை இழந்து நடையைக் கட்டிவிடுவார். சாவியைப் பூட்டோடு சேர்த்துக் கட்டுங்கள் பாய் என்றேன். "சாவி இல்லாத பூட்ட எவன் தம்பி திருடுவான்? கட்டிவச்சா ரெண்டும்ல போயிரும்" என்றார். அதுவும் சரிதான். கடைசியில் பூட்டுக்கும் சாவிக்கும் ஒரே நம்பர் போடுவது என்று முடிவாயிற்று. அந்த மாதம் முடிவதற்குள் பாய் புதுப் பூட்டுகளுக்கு எழுதிப் போட வேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் நான் கைவைத்து உருப்பட்ட முதல் கடை அது. என் கடையாக இல்லாததுதான் காரணம் என்று காமாட்சி பிற்பாடு சொல்லுவாள்.

தெருவில் போனவர்கள் பார்த்தது என்ன? ஒரு ஆள் காலையிலிருந்து முக்காலியில் உட்கார்ந்து சிலேட்டில் கட்டம் போடுகிறான். நாலுக்கு நாலு கட்டம், நடுவில் காலி. அச்சு அசல் ராசிக்கட்டம். அவன் கட்டம் போட்ட பிறகு பாய் கடையில் கூட்டம் நிற்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஒரு காலை வேளையில் வத்தல் கடை வேலுச்சாமி, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். கல்லாப்பெட்டியை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று கேட்டார். நான் ஜோசியன் இல்லை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக் கையைக் கூப்பினார்.

அவர் கடைக்குப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே மிளகாய் வத்தல் மூட்டையை வாய் பிரித்து வைத்திருந்தார். படியில் கால் வைக்கிற அத்தனை பேருக்கும் தும்மல். நல்ல காரியமாகக் கிளம்பி வந்து ஒற்றைத் தும்மல் போட்டால் எங்கள் ஊரில் யாராவது மேற்கொண்டு உள்ளே போவார்களா? திரும்பிவிடுவார்கள். இரட்டைத் தும்மலுக்குத் தோஷம் இல்லை என்பதால், சிலர் படியிலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த தும்மலுக்குக் காத்து நிற்பார்கள். அது வராது. வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் அப்படி வானத்தைப் பார்த்து நிற்கிற கடைக்குள் வேறு யார் நுழைவார்கள்? மூட்டையைப் பின்னால் தள்ளுங்கள் என்று சொன்னேன். எந்த மூலைக்கு என்று கேட்டார். காற்று அடிக்காத மூலைக்கு என்றேன். அதை அவர் வாயுமூலை ஆகாது என்று நான் சொன்னதாக ஊரெல்லாம் பரப்பிவிட்டார். வியாபாரம் என்னவோ பிய்த்துக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு முக்காலிக்கு முன்னால் தினமும் நாலு பேர். எனக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை. காதர் பாயிடம் ஒரு பலகை வாங்கி, 'வியாபார யோசனை சொல்லப்படும். ஜோசியம் அல்ல' என்று எழுதி மாட்டினேன். மறுநாள் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. ஜோசியத்துக்கும் மேலான ஏதோ ஒன்று என்று பேசிக்கொண்டார்களாம். மூட்டையை நகர்த்து, தராசை வெளிச்சத்தில் வை, வாடிக்கைக்காரரிடம் அரசியல் பேசாதே என்று நான் சொன்னதெல்லாம் பரிகாரம் ஆகிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அப்படியே செய்தார்கள். இந்த வசதி என் பேரனுக்குக் கிடையாது, பாவம். நூறு பக்கம் காரணம் எழுதிக் கொடுக்கிறான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் வேலுச்சாமி ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு வந்தார். அது கரி பஸ் காலம். சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும். கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவர் யார் என்று பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அந்தப் பெரியவர் கடைசி சீட்டில்தான் வந்திருக்க வேண்டும். முகமெல்லாம் கரி. கையில் வெற்றிலைத் தட்டு. உட்கார்ந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே ஒரு காகிதத்தை நீட்டினார். "இந்தச் சாதகக்காரரு உருப்படுவாரான்னு பாத்துச் சொல்லணும் சாமி."

பிரித்தேன். ஓரத்தில் மஞ்சள் தடவிய காகிதம். கையெழுத்து என் அப்பாவுடையது. பேர் என்னுடையது.

நான் நிமிர்ந்தபோது மாமனார் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார். இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து ஓடிவிடலாம் என்று எனக்கு இருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். வேலுச்சாமி வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "தயங்காமக் கேளுங்கண்ணே, புட்டுப் புட்டு வப்பாரு" என்று உற்சாகப்படுத்துகிறார். மாமனார் தட்டை முன்னால் நகர்த்தினார். சந்தையில் வேட்டி கிழிந்தும் சாக்கைக் கட்டிக்கொண்டு சரக்கை முடித்துவிட்டு வந்த மனிதர் அவர்.

சாதகம் பார்ப்பதில்லை, சோலியைத்தான் பார்ப்பேன் என்றேன். வழக்கமாகக் கேட்கிற கேள்வியையே கேட்டேன், இவரிடம் என்ன கோளாறு என்று. கேட்டிருக்கக் கூடாது. குடையில் தொடங்கி வரிசையாகச் சொன்னார். வேட்டிக்கு வந்ததும் எழுந்து நின்று, எந்த இடத்தில் ஆரம்பித்து எந்த இடம் வரை கிழிந்தது என்று காட்டினார். காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்பேர்ப்பட்ட ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை என்று வேலுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். காதர் பாய் மட்டும் விஷயம் புரிந்து, பூட்டுகளுக்குப் பின்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன்: "அவரு இனிமே சொந்தக் கடை வைக்க மாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு. அடுத்தவங்க கடையப் பாத்துச் சொல்றதுதான் அவருக்கு வருது, அது மூணு தடவ விழுந்த பெறகுதான் அவருக்கே தெரிஞ்சுச்சு. பிள்ளைக்கு இப்ப எட்டு மாசம். அப்பன் மொகம் தெரியாம வளந்துறக் கூடாது. அனுப்பி வைங்க."

மாமனார் சிலேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், கரி இன்னும் பரவியதுதான் மிச்சம். அப்புறம் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "எப்ப அனுப்பட்டும்?"

நாளைக்கே என்றேன். நாளைக்கு அஷ்டமி என்று வேலுச்சாமி பதறினார். "அதெல்லாம் இவரு பாக்குறதில்லயாம்பா" என்று சொல்லிவிட்டு மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் ஜோசியன் இல்லை என்பதை மதுரையில் முதன்முதலாக நம்பியவர் அவர்தான்.

சொன்னபடியே அடுத்த நாள் காமாட்சி கரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கடைசி சீட்டு. முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த குழந்தை மட்டும் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அது வீறிட்டது. காமாட்சி சிரித்தாள். அந்தக் கரி முகத்தில் பல் வரிசை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒத்த வார்த்தை என்ன ஆயிற்று, ஊரில் கேட்டால் மாமா என்ன சொல்லுவார் என்று கேட்டேன். "ராத்திரி பூரா யோசிச்சாரு. ஒண்ணும் ஆப்டல. மருத ஜோசியருன்னு சொல்லிப்புட்டாரு" என்றாள்.

முப்பது வருஷம் அந்தத் தொழில்தான் சோறு போட்டது. முக்காலி போய் மேஜை வந்தது, மேஜைக்கு ஒரு மின்விசிறி வந்தது. திண்டுக்கல்லிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். ஆனால் எழுமலைக்குப் போனால் மட்டும் நான் ஜோசியர். மாமனார் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால், வாசலில் ஜாதகத்தோடு ஆட்கள் நிற்பார்கள். மாமனார் உள்ளே வந்து, ரொம்ப ரகசியமாக, "இன்னைக்கு ஒரு நாளைக்குச் சமாளிங்க மாப்ள" என்பார்.

இப்போது மிளகாய் பொட்டலத்தில் வருகிறது, கடைப் படியில் யாரும் தும்முவதில்லை. காதர் பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மாமனார் போய் முப்பது வருஷமாகிறது. காமாட்சி போய் ஆறு வருஷம். பேரனின் கார்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஒத்த வார்த்தை கிடைத்துவிட்டது, தடித்த எழுத்தில் அச்சாகியும் இருக்கிறது. உங்க மாப்ள என்ன பண்றாரு என்று யாராவது கேட்டால் அதைச் சொல்வதற்குத்தான் எழுமலையில் மாமனார் இல்லை.