அண்ணியின் கையில் மூன்று பட்டைகள்

முதலாளி அந்த மூன்று தோல்களையும் கட்டிங் டேபிளில் விரித்துப் போட்ட காலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் பட்டறை. ஜன்னல் வெளிச்சம் முதலில் அந்த டேபிளில்தான் விழும். மூன்றும் கார்டோவன். குதிரையின் பின்பக்கத்தில், மேல்தோலுக்கு அடியில் கிடைக்கிற கெட்டியான ஒரு அடுக்கு அது. பதப்படுத்தி முடிக்கவே ஆறு மாதம் ஆகும் என்பார்கள். மாட்டுத்தோலை மடித்தால் கோடு கோடாகச் சுருக்கம் விழும். இதை மடித்தால் அலை மாதிரி உருண்டு நிற்கும். ஒன்று அமெரிக்காவில் பதப்படுத்தியது, ஒன்று ஜப்பானில், ஒன்று இத்தாலியில். நிறம் மூன்றிலும் ஒரே காப்பிக்கொட்டை நிறம். வெளிநாட்டுக் கடை ஒன்றுக்கு ஒரு வருடம் முழுக்க வாட்ச் பட்டை செய்து அனுப்பும் ஆர்டர் வந்திருந்தது. எந்த ஊர்த் தோலை வாங்குவது என்று முதலாளி முடிவு செய்ய வேண்டும். தையல் போடுகிற என்னையும் அண்ணியையும் கூப்பிட்டுக் கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பட்டறையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் கல்யாணமாகி வந்த பிறகு நான்தான் முதலாளியிடம் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ஊசி பிடிக்கக்கூட நான்தான் கற்றுக் கொடுத்தேன். இரண்டே வருடத்தில் அவள் தையல் என் தையலைத் தாண்டிவிட்டது. எல்லோரும் அவளைப் பாராட்டும்போது நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே எரியும். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அமெரிக்கத் தோல் எனக்குத் தொட்டதுமே பிடித்துவிட்டது. எண்ணெய் ஊறிப்போய் மெத்தென்று இருந்தது. வளைத்தால் வளைந்த இடத்தில் வெளுத்து, விரலால் தடவினால் திரும்ப நிறம் வந்தது. ஜப்பான் தோல் கண்ணாடி மாதிரி மின்னியது, விறைப்பாக இருந்தது. இத்தாலித் தோல் இரண்டுக்கும் நடுவில். மின்னவில்லை, வெட்டிய ஓரம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதை நாங்கள் இருவருமே ஓரமாக நகர்த்திவிட்டோம்.

"இன்னா நாத்தனாரே, அதுலயே கைய வெச்சிகினு கீற? எண்ணெயில போட்டு எடுத்தாமாதிரி கீது. பஜ்ஜி," என்றாள் அண்ணி.

"உங்க ஜப்பான்து மட்டும்? மடிச்சா விரலே வலிக்குது."

"வலிச்சா வலிக்கட்டும். வாட்ச் பட்டை இன்னா தலகாணியா?"

முதலாளி கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழும் அவருக்கு நன்றாக வரும். "சாக்கு, சாக்கு," என்று கன்னடத்தில் போதும் சொல்லிக் கையைக் காட்டினார். "சண்டை வீட்ல போட்டுக்கோங்கம்மா. மூணுலயும் ஒரு பட்டை தைங்க. ஒருத்தர் கையில மூணு மாசம் இருக்கட்டும். மழை, வேர்வை, சோப்பு எல்லாம் படட்டும். எது தாங்குதோ அதை வாங்கறேன்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "யார் சொன்ன தோல் ஜெயிக்குதோ, அவங்களுக்குத்தான் கட்டிங் டேபிள்."

கார்டோவனை எல்லோர் கையிலும் வெட்டக் கொடுக்க மாட்டார்கள். ஒரு தோலில் வருவதே சில பட்டைகள்தான். கத்தி கொஞ்சம் விலகினால் போச்சு. வெட்டுகிறவள் ஜன்னலோரம் உட்காருவாள். தைக்கிறவர்கள் சுவரோரம் டியூப்லைட்டுக்குக் கீழே. ஆறு வருடம் நான் அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறேன்.

வாட்ச் இல்லாமல், பித்தான் வைத்த வெறும் பட்டைகளாகத் தைத்தோம். அண்ணி தன் இடது கையில்தான் மூன்றையும் கட்டிக்கொண்டாள். அடையாளத்துக்கு நுனியில் தையல் போட்டோம். அமெரிக்காவுக்கு ஒன்று, ஜப்பானுக்கு இரண்டு, இத்தாலிக்கு மூன்று. துடைக்கக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, தேய்க்கக் கூடாது என்பது பேச்சு. சனிக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது மட்டும் கழற்றி வைப்பாள். மற்ற நேரமெல்லாம் பாத்திரம் கழுவினாலும், மாவு பிசைந்தாலும், மழையில் பஸ்ஸுக்கு ஓடினாலும் மூன்றும் கையிலேயே இருக்கும். பட்டைக்கு அடியில் தோல் சிவந்து சொறி வந்தது. "கழட்டிப் போடேன்டி, ஒரு வாட்ச் பட்டைக்கு இவ்ளோ அக்கப்போரா," என்று அண்ணன் கத்துவான். "டெஸ்டுங்க," என்பாள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி.

அந்த வருடம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. கார்டோவனுக்கு ஆகாதது தண்ணீர்த்துளிதான். துளி விழுந்த இடம் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். முதல் மாத முடிவில் அமெரிக்கப் பட்டையில் பெரிய பெரிய கொப்புளங்கள். இத்தாலியில் நடுத்தரமாக. ஜப்பானில் சின்னச் சின்னப் புள்ளிகள்தான், எண்ணிவிடலாம். நான் தோற்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தாள். பட்டைகள் சமையலறை ஜன்னல் கட்டையில் இருந்தன. பட்டறையில் இந்தக் கொப்புளத்தை வழவழப்பான எலும்புத் துண்டால் தேய்த்து அமுக்குவோம். வீட்டில் எலும்பு இல்லை. டீ ஸ்பூனை எடுத்தேன். அதன் முதுகால் ஒற்றைத் தையல் போட்ட பட்டையை மட்டும் தேய்த்தேன். பாத்ரூமில் குவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வரை தேய்த்தேன். நின்றதும் வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே வேலை. குவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தேய்ப்பது எனக்குப் பழகிப்போனது.

"அமெரிக்காகாரன் எப்படிடி தானா ஆறிட்டான்?" என்று ஒரு நாள் வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாள்.

"உள்ள எண்ணெய் கீது இல்ல அண்ணி. அதுவே அமுக்கிடும்."

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று முழுக்க எனக்குத் தையல் நேராக வரவில்லை.

மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். ஊசி போடுவதற்காக நர்ஸ் மூன்று பட்டைகளையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அண்ணி என் கையில் இருந்த பட்டைகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நாத்தனாரே. அந்த ஸ்பூன கழுவி வெச்சியா?"

நான் பட்டைகளை விரலுக்குள் மூடிக்கொண்டேன். "எந்த ஸ்பூன் அண்ணி?"

"கை பட்டு தேஞ்சா எல்லா பக்கமும் மங்கலா தேயும்டி. ஸ்பூன்ல தேச்சா நீட்டுவாட்டுல கோடு ஓடும். எனக்குத் தெரியாதா?"

நான் அழுதேன். கோபமா என்று கேட்டேன்.

"கோபம் இல்லாம இன்னா? மூணு மாசமா சொறி புடிச்ச கையோட சுத்தினது நானு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் போய் சார்கிட்ட சொன்னா உன் பேர் கெட்டுப்பூடும். நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீயே சொல்லிடு."

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

அவள் வீட்டுக்கு வரவே இல்லை. அதனால் எனக்குக் கொடுத்த கெடுவும் முடியவே இல்லை. காரியம் முடிந்து பட்டறைக்குப் போனபோது முதலாளி பட்டைகளைக் கேட்டார். கொடுத்தேன். ஜன்னலருகே வைத்துப் பார்த்துவிட்டு, "உன் அண்ணி ஜப்பான் சொன்னா. ஆனா அவ கையே அமெரிக்காதான் நல்லதுன்னு காட்டிடுச்சி," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "அமெரிக்காவே ஆர்டர் போடறேன். நீ போய் டேபிள்ல உட்காரு." பட்டைகளை எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

நான் போய் உட்கார்ந்தேன். அதுதான் உண்மை. சொல்லாமல் ஒன்பது நாள் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். மீதமிருந்த மாட்டுத்தோலை வெட்டினேன். படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டால் கத்தியை நிறுத்திவிடுவேன். வீட்டில் அதைவிடக் கொடுமை. ஒற்றைத் தையல் பட்டையை அண்ணன் எடுத்துக் கையில் கட்டிக்கொண்டான். பொம்மனஹள்ளி குடோனில் வேன் ஓட்டுகிறவன் அவன். அங்கே எல்லோரிடமும் காட்டுவானாம். "என் பொண்டாட்டி மூணு மாசம் மழையில போட்டுகினு சுத்தினது. ஒரு புள்ளி கீதா பாரு." சாப்பிடும்போது அந்தப் பட்டை என் தட்டுக்கு நேராக வரும். ஸ்பூன் ஓடிய கோடு எனக்கு மட்டும் தெரியும்.

பத்தாம் நாள் முதலாளி போனை எடுத்து ஆர்டருக்கு நம்பர் போட்டார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். "சார், போட வேணாம். அந்த டெஸ்ட் பொய்." எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை வைத்தார்.

"யாக்கம்மா?" என்று கன்னடத்திலேயே ஏன் என்று கேட்டார்.

"டேபிளுக்காக சார்."

"எழுந்திரு." எழுந்து சுவரோரம் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "புதுசா மூணு பட்டை தை. இந்த தடவை என் கையில கட்டிக்கறேன். உங்க யாரையும் நம்பறதா இல்ல." வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் அவர் காரிலிருந்து குடையோடு இறங்கும்போது அந்தக் கையைப் பார்ப்பேன். இப்படி இருந்தால் எந்தத் தோல்தான் நனையும் என்று தோன்றும். சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

அண்ணனிடம் சொல்ல இன்னும் நான்கு நாள் ஆனது. காலையில் வேலைக்குக் கிளம்பி வாசற்படியில் ஷூ போட்டுக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு பட்டைகளையும் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தேன். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவன் ஷூ கயிற்றைப் பிடித்தபடியே இருந்தான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணா."

"இன்னா சொன்னா?"

"ஸ்பூன கழுவி வெச்சியான்னு கேட்டாங்க."

அவன் சிரித்துவிட்டான். அவள் போன பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அமெரிக்கப் பட்டையைக் கழற்றிப் படியில் வைத்தான். "நீ கை வெக்காதது எது?" என்றான். இரண்டையும் காட்டினேன். அவன் ஜப்பானை எடுத்தான். புள்ளி புள்ளியாக இருந்தது. ஓரமாக இருந்த ஒரு கொத்தைக் கட்டைவிரலால் தடவினான். "இது காக்ஸ் டவுன்ல பஸ் வராம நின்னமே, அந்த மழையா?" எனக்குத் தெரியவில்லை. இருக்கலாம் என்றேன். அன்றைக்கு அமெரிக்காவிலும் அதே கொத்து விழுந்திருக்கும். அதை நான் தேய்த்துவிட்டேன்.

கட்டிப் பார்த்தான். பித்தான் சேரவில்லை. அமெரிக்கத் தோல் மிருதுவானது, அவன் கைக்கு ஏற்றபடி நீண்டு கொடுத்தது. இது விறைப்பாக அவள் மணிக்கட்டின் வட்டத்திலேயே நின்றது. இழுத்துப் பார்த்தான், ஒரு விரற்கடை குறைந்தது.

"துண்டு வெச்சித் தைக்க முடியுமா?"

"முடியும். தைக்கணும்னா ரெண்டு முனையையும் சீவணும். அந்த இடத்துல கீற புள்ளியெல்லாம் பூடும்."

"அப்ப வேணாம்," என்றான். என் கையைப் பிடித்து இழுத்தான். அதில் கட்டினான். பித்தான் சட்டென்று சேர்ந்தது. அண்ணி கையும் என் கையும் ஒரே அளவுதான்.

அவன் ஷூ கயிற்றை முடிந்துகொண்டு கிளம்பிப் போனான். எனக்கும் நேரமாகிவிட்டது. வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் மறைக்கத் தோன்றியது. மறைக்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.