வெயில் சுட்ட கறிவேப்பிலை

அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்யும் செடிக்கடையில், "இதை ஒருக்காப் பார், பிள்ளை" என்று ஒரு வயதான பெண் கருகிய கறிவேப்பிலைக் கொத்தை என் முன் வைத்தார். அந்த மணத்தோடு குரலும் பிடிபட்டது. எங்கள் பழைய மல்வேர்ன் வீட்டுக்கார அன்ரி. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய பேஸ்மென்ட்டில் குடியிருந்தோம். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் வளர்த்த கறிவேப்பிலையை, மே மாதத்து முதல் வெயிலிலேயே அன்ரி பின்வளவில் கொண்டுபோய் வைத்தார். மூன்றாம் நாள் இலைகள் வெளுத்துக் கருகின.

"எரிச்சலிலை சுடுதண்ணி ஊத்திப்போட்டாய்!" என்று படியில் நின்று அம்மாவைத் திட்டினார். அந்த மாதமே எங்களை வீட்டை விட்டு எழுப்பினார். பானை சட்டிகளோடு அம்மா தெருவில் நின்று அழுதார்.

கல்லூரியில் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வெயிலில் விரிந்த இலைக்குள் உயிர்க்கலங்கள் அடுக்கடுக்காக இருக்கும். நிழலில் விரிந்த இலை மெல்லியது. திடீர் வெயிலைத் தாங்காது. அன்றிலிருந்து இந்த அன்ரிக்காகத்தான் காத்திருந்தேன்.

"இதுக்கு என்ன நடந்தது, பிள்ளை? வெளியிலை வைச்சு மூண்டு நாள்தான்."

"ஆரோ சுடுதண்ணி ஊத்தியிருக்கினம், அன்ரி. வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"நான் மட்டும்தான்."

"அப்ப நீங்கள்தான்."